முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எதைப் பார்த்து வாங்குவது

அட்டைப்பெட்டிப் படத்தைப் பார்த்து வாங்கிய ரிமோட் ஹெலிகாப்டர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பரண் ஏறிவிடும். இறக்கை ஒடிந்திருக்கும், மாற்று இறக்கை எந்தக் கடையிலும் இருக்காது. அல்லது வீட்டுக்குள் பறக்கவென்று செய்ததை மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அது காற்றோடு போய் யார் வீட்டு ஓட்டின் மேல் விழுந்ததென்றே தெரியாது. இரண்டுமே ஓட்டத் தெரியாததால் வருவதல்ல. வாங்கும்போதே நடந்த தவறு.

வாங்கும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் பறக்கவிடப் போகிறீர்கள்? ஒடிந்தால் அந்தப் பாகம் தனியாகக் கிடைக்குமா? நிறம், வேகம், கேமரா, விளக்கு எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர், நிஜமாகவே ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் என்றால் நான்கு சேனல் (ரிமோட்டில் தனித்தனியாக இயக்கும் அசைவுகளின் எண்ணிக்கை), ஒற்றை ரோட்டார் (மேலே சுற்றும் இறக்கைத் தொகுதி), 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட், மொத்த எடை 100 கிராமுக்குள் இருப்பதை வாங்குங்கள். டபிள்யூஎல்டாய்ஸ் வி911எஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம். சின்னப் பிள்ளைக்கு, வீட்டுக்குள் மட்டும் என்றால் இரட்டை ரோட்டார் போதும். ஆறு சேனல் ஹெலிகாப்டரை முதலாவதாக வாங்கவே வேண்டாம். ஏன் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

மூன்று வகை, மூன்று குணம்

மேலே உள்ள பெரிய இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப் பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதில்தான் வகைகள் பிரிகின்றன.

இரட்டை ரோட்டார் வகையில் ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு ஜோடி இறக்கைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்றின் திருகலை மற்றொன்று சமன் செய்துவிடுவதால் வால் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டால் முகம் திரும்பும். வாலில் படுத்த வாக்கில் இருக்கும் சின்ன விசிறி வாலைத் தூக்கியும் இறக்கியும் முன்னே பின்னே நகர்த்தும். சைமா எஸ்107ஜி இந்த வகை. கையை எடுத்தாலும் அசையாமல் நிற்கும் அளவு நிதானம் இதற்கு உண்டு, ஆனால் பக்கவாட்டில் நகராது. எஸ்107ஜி போன்றவற்றின் ரிமோட் டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது. வெயிலில் அந்தச் சிக்னல் மூழ்கிப்போகும். வாசலைத் தாண்டியதும் பொம்மை சொன்ன பேச்சைக் கேட்காமல் விழுவதற்கு அதுதான் காரணம், பழுது அல்ல.

ஒற்றை ரோட்டாரில் முதல் வகை, இறக்கையின் சாய்வு மாறாதது. உயரம் கூட்ட வேண்டுமென்றால் மோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டும், குறைக்க வேண்டுமென்றால் மெதுவாக. வாலில் தனி மோட்டார் இருக்கும். மேலே–கீழே, முகம் திருப்பல், முன்–பின், வலம்–இடம் என நான்கும் உங்கள் கையில். நிஜ ஹெலிகாப்டர் எப்படி வழுக்கிக்கொண்டு நகரும், எப்படி எதிர்ச்சாய்வு கொடுத்து நிறுத்த வேண்டும் என்பதை இது கற்றுத்தரும். விழுந்தாலும் எடை குறைவு, வேகம் குறைவு என்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

ஆறு சேனல் வகையில் மோட்டார் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, இறக்கையின் சாய்வு மாறி உயரம் கூடும், குறையும். எக்ஸ்கே கே110 இதில் சிறியது. தலைகீழாகக்கூடப் பறக்கும். பதில் கொடுக்கும் வேகமும் அப்படியே: விரல் அரை அங்குலம் தவறினால் தரையில் இருக்கும். தலைப்பகுதியில் உள்ள நுண்ணிய தண்டு, பந்து இணைப்பு எல்லாம் விழும்போது ஒன்றாக வளையும்.

450 என்று அழைக்கப்படும் பெரிய அளவு ஹெலிகாப்டரைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று பெங்களூரிலிருந்து வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் ரோட்டார் விட்டம் சுமார் 70 செ.மீ. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்தால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 330 கி.மீ. வரும். கார்பன் இறக்கை அந்த வேகத்தில் வந்தால் அது கத்தி. 2013-இல் நியூயார்க்கில், நன்றாக ஓட்டத் தெரிந்த 19 வயது இளைஞர் தன்னுடைய பெரிய ரக ரிமோட் ஹெலிகாப்டர் பட்டே இறந்தார். கற்றுக்கொள்ளும் கையில், பிள்ளைகள் ஓடி வரும் தெருவில், இந்த அளவு வேண்டாம்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

“3.5 சேனல்” என்று போட்டிருந்தால் அது மூன்று சேனல்தான். விளக்கு எரிவதை அல்லது அதுபோன்ற ஒரு வசதியை அரை என்று சேர்த்துக்கொள்கிறார்கள். “2 சேனல்” என்றால் மேலே போகும், திரும்பும், அவ்வளவே. முன்னே போகச் சொல்ல உங்களிடம் ஸ்டிக் இருக்காது.

ரிமோட் “மோட் 2” ஆக இருக்க வேண்டும். இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் (உயரத்தைக் கூட்டிக் குறைப்பது) முகம் திருப்பலும், வலது ஸ்டிக்கில் முன்–பின், வலம்–இடம் சாய்வுகளும். சிலர் இதை “இடது கை த்ராட்டில்” என்று போட்டு விற்பார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் ஓட்டுவது மோட் 2. பின்னாளில் யாரிடமாவது கேட்டுக் கற்கவும், அவர் ரிமோட்டை வாங்கி உங்கள் ஹெலிகாப்டரைச் சரிசெய்து தரவும் இது உதவும். தெரியாமல் மோட் 1 (வலது கை த்ராட்டில்) வாங்கிவிட்டு, விரல் பழகியபின் மாற்றுவது பெரும்பாடு.

ரிமோட் இல்லாமல் ஹெலிகாப்டர் மட்டும் என்று விலை குறைத்துப் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அது ஏற்கெனவே பொருத்தமான ரிமோட் வைத்திருப்பவர்களுக்கானது. பிளேடு பிராண்டின் ஹெலிகாப்டருக்கு ஸ்பெக்ட்ரம் வகை ரிமோட் என்பது போல, ஒவ்வொன்றின் ரேடியோ மொழியும் வேறு.

14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான பொம்மை என்று விற்கப்படுவது எதுவானாலும் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரப் பொம்மைக்கான தரம் ஐ.எஸ். 15644. பிள்ளைக்கு வாங்குவதென்றால் பெட்டியில் அந்த எண்ணைத் தேடுங்கள். “14+” என்று போட்டது பொம்மைக் கணக்கில் வராது, பெரியவர் கூட இருந்துதான் ஓட்ட வேண்டும்.

உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி இப்போது பரவலாக வருகிறது. சி129 போன்ற நான்கு சேனல் ஹெலிகாப்டர்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சின்ன உணரி இருக்கும். ஸ்டிக்கை நடுவில் விட்டால் அதே உயரத்தில் நிற்கும். வேடிக்கைக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் இது மிக நல்லது. பிற்பாடு ஆறு சேனலுக்குப் போக நினைப்பவருக்கு இது இல்லாததையே வாங்கச் சொல்வோம். உயரத்தை இடது கட்டைவிரலால் ஓயாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஹெலிகாப்டர் ஓட்டுவதில் பாதி, அந்தப் பாதியை இது கற்றுத்தராது. இன்னொன்று: கதவு படாரென்று சாத்தினாலோ, ஜன்னல் வழியே காற்று அடித்தாலோ அறையின் அழுத்தம் மாறி, இது தானாக ஏறி இறங்கும். அதைக் கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

உதிரிப் பட்டியல்தான் உண்மையான விலை

மாடலின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும், வாங்கும் பொத்தானை அழுத்தும் முன், அந்தப் பெயரோடு இந்த ஏழையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்: மேல் இறக்கை ஜோடி, வால் இறக்கை, வால் மோட்டார், பெரிய பல்சக்கரம், நடுத்தண்டு, தரையில் நிற்கும் கால், பேட்டரி. இந்தியாவுக்குள் இருக்கும் கடையில் இப்போது இருப்பில் இருக்க வேண்டும். ஏழில் குறைந்தது ஐந்து பாகமாவது கிடைக்கவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள், எத்தனை அழகாக இருந்தாலும்.

ஏன் இந்தியாவுக்குள் என்கிறோம்? 2022 பிப்ரவரி 9 அன்று வந்த அறிவிப்பின்படி முழு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் செய்த ரிமோட் ஹெலிகாப்டரும் சுங்கத்தில் நின்றுபோக வாய்ப்புண்டு, அப்படி நின்றால் மீட்கும் அலைச்சல் பொருளின் விலையைத் தாண்டும். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு ஒரு பஸ் தூரம். மோட்டார், கனெக்டர், மெல்லிய ஒயர், சின்ன ஸ்குரு எல்லாம் அங்கே தேடலாம். ஆனால் இறக்கையும் பல்சக்கரமும் மாடலுக்கு மாடல் வேறு, அவற்றை ஹெலிகாப்டரோடு சேர்த்தே வாங்கிவிடுவது மேல்.

கையில் பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாய்க்கு ஹெலிகாப்டர், நாலு ரூபாய்க்கு உதிரி என்று பிரியுங்கள். முதல் ஆர்டரிலேயே இவை இருக்கட்டும்: கூடுதலாக மூன்று பேட்டரி, மேல் இறக்கை இரண்டு ஜோடி, வால் இறக்கை இரண்டு, பல்சக்கரம் ஒன்று, வால் மோட்டார் ஒன்று. பத்து ரூபாயையும் ஹெலிகாப்டரில் போட்டவர் முதல் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்டத்தை நிறுத்துவார்.

நம் ஊர்க் காற்றும் உயரமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வெறும் பேச்சல்ல. தொப்பூர்க் கணவாய்ப் பக்கமோ, கிருஷ்ணகிரி அணைக் கரையிலோ ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நின்று பார்த்தவருக்குத் தெரியும். நாற்பது ஐம்பது கிராம் எடையுள்ள, இறக்கைச் சாய்வு மாறாத ஹெலிகாப்டர் அந்தக் காற்றில் ஓட்டவே முடியாதது. எதிர்காற்று அடித்ததும் இறக்கை கூடுதலாகத் தூக்கும். நீங்கள் த்ராட்டிலைக் குறைத்தாலும் மோட்டார் மெதுவாவதற்குள் அது பனைமர உயரம் போயிருக்கும். பிறகு பயந்து முழுசாகக் குறைப்பீர்கள், கல்லாக விழும்.

சோதனை எளிது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை ஒரு முழமாவது நேராக எழுந்தால் வெளியே பறக்கவிடலாம். நுனியை விட்டதுமே படுத்துக்கொண்டால் உள்ளே போய்விடுங்கள். வேப்ப இலை அசைகிறதா என்று பார்ப்பதைவிட இது நம்பகமானது. தை, மாசியில் விடிகாலை ஆறிலிருந்து ஏழரை வரை நம் பக்கம் பெரும்பாலும் அசைவே இருக்காது. வெயில் ஏறிப் பாறைக் குன்றுகள் சூடானதும் காற்று புறப்படும். தளி, ஓசூர்ப் பக்கம் பனி இறங்கும் மாதங்களில் புல் ஈரமாக இருக்கும். ஈரத்தில் விழுந்தால் உடனே பேட்டரியைக் கழற்றி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்திவிட்டுத்தான் மறுபடி இணைக்க வேண்டும்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட சுமார் 8 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்க ரோட்டார் 4 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றியாக வேண்டும். தர்மபுரி அதில் பாதி உயரம்தான், ஆனால் சித்திரை வெயிலில் காற்று இன்னும் லேசாகிவிடும். ஆகவே கடற்கரை ஊரில் எடுத்த வீடியோவில் பாதி த்ராட்டிலில் எழுந்தது உங்கள் கையில் கொஞ்சம் அதிகம் கேட்கும், பறக்கும் நேரமும் சற்றுக் குறையும். கூடுதல் எடையை ஒட்டாதீர்கள். ஸ்டிக்கர், சின்னக் கேமரா, பெரிய பேட்டரி எதுவும் வேண்டாம்.

இடம் என்றால் முதல் தேர்வு, முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம். தெரிந்தவர் மூலம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். கூரை உயரம், சுவர் தூரம், காற்றில்லாமை மூன்றும் இதைப்போல வேறெங்கும் அமையாது. மின்விசிறிகளை நிறுத்திவிட வேண்டும். அடுத்தது அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் சிமெண்ட் களம். கேழ்வரகு அடித்த களமென்றால் ஒருமுறை நன்றாகப் பெருக்கிவிடுங்கள், தூசும் உமியும் பல்சக்கரத்துக்குள் போகும். செம்மண் தரையில் நேரடியாக இறக்காதீர்கள், அந்தப் புழுதி மோட்டாரையே அரிக்கும். கிரானைட் பதித்த கூடம் பார்க்க வழுவழுப்பு, ஆனால் அதில் கால் வழுக்கி, எழும்போதே சாயும். ஒரு பழைய கார் மிதியடியோ ரப்பர் விரிப்போ போட்டால் போதும். கோணிப்பை வேண்டாம், அதன் நூல் வால் இறக்கையில் சுற்றும்.

மாந்தோப்பு ஓரம் நிழலாக இருக்கிறதென்று போகாதீர்கள். மாவின் இலைக்கட்டுக்குள் போனது கண்ணில் படாது, ஏறி உலுக்கினால் பிஞ்சு உதிரும், தோட்டக்காரரோடு வம்பு. தெருநாய்கள் இறங்கும் ஹெலிகாப்டரைக் கவ்வ ஓடிவரும், அப்போது உயர்த்தப் பார்க்காமல் த்ராட்டிலை முழுக்கக் குறைத்துவிடுங்கள். பொம்மை போனாலும் நாயின் கண் தப்பட்டும். மின்கம்பிக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். கம்பியில் மாட்டியதைக் குச்சியால் எடுக்கப் போவது உயிரோடு விளையாடுவது.

பேட்டரி

இந்த ஹெலிகாப்டர்களில் இருப்பது லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல்லின் கணக்கு இது: முழு சார்ஜ் 4.2 வோல்ட், சும்மா வைத்திருக்கும்போது 3.8, பறந்து இறக்கி ஓய்வெடுத்தபின் 3.6-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது, 3.0-க்குக் கீழே போனால் உள்ளே நிரந்தரக் கெடுதல். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பொழுதுபோக்கில் அதைவிடப் பயன்படும் கருவி இல்லை.

வி911எஸ்ஸில் வருவது 250 எம்.ஏ.எச். அதில் ஐந்து முதல் ஏழு நிமிடம் பறக்கலாம். செல்போனில் ஐந்து நிமிட அலாரம் வைத்து, அடித்ததும் இறக்கிவிடுங்கள். “இன்னும் பறக்கிறதே” என்று தொடர்ந்தால், த்ராட்டில் முழுசாக இருந்தும் தானாக இறங்கத் தொடங்கும்; அப்போது பேட்டரி ஏற்கெனவே அடிபட்டுவிட்டது. நான்கு பேட்டரி வைத்துச் சுழற்சியில் ஓட்டினால் இருபது நிமிடம். ஒரு பேட்டரி முடிந்ததும் அடுத்ததை உடனே மாட்டாமல் மோட்டார் சூடு ஆறப் பத்து நிமிடம் விடுங்கள். சின்ன மோட்டார்களின் உள்ளே மின்சாரம் கடத்தும் தொடுப்புகள் (பிரஷ்) சூட்டில்தான் சீக்கிரம் தேயும்.

சார்ஜ் செய்யும்போது:

பறந்து வந்த பேட்டரி கைக்குச் சூடாக இருந்தால் ஆறும்வரை சார்ஜ் போடாதீர்கள்.
பெட்டியோடு வந்த யுஎஸ்பி ஒயரைச் சாதாரண 5 வோல்ட் அடாப்டரில் செருகுங்கள். முதல் தடவை முடிந்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள். 4.20 ஓரம் இருந்தால் சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்த ஒயரைத் தூக்கிப் போடுங்கள், அதுதான் பேட்டரியை உப்ப வைக்கும்.
ஓட்டுத்தரை, மண்சட்டி, கல் மேல் வைத்துச் சார்ஜ் போடுங்கள். மெத்தை, சோபா, துணிக்குவியல் வேண்டாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.
உப்பிய பேட்டரியைக் குத்தி அமுக்கிப் பார்க்காதீர்கள். வெளியே திறந்த இடத்தில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு எரித்துவிடாதீர்கள்.
பங்குனி, சித்திரையில் நிறுத்திய வண்டிக்குள்ளும், ஷீட் போட்ட அறையிலும் பேட்டரியை விட்டுவைக்கக் கூடாது.

ரிமோட்டுக்குப் போடும் பென்சில் செல்களில் பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். ரிமோட் பலவீனமானால் தூரத்தில் தொடர்பு அறுந்து விழும்.

முதல் பத்து பேட்டரி

கணினி இருந்தால் முதல் வாரம் அதில் செலவழியுங்கள். ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட், ரியல்ஃப்ளைட் போன்ற சிமுலேட்டர்களில் நூறு தடவை விழுந்தாலும் ஒரு பைசா செலவில்லை. முகம் உங்களைப் பார்க்கும்போது இடம் வலம் மாறித் தெரியுமே, அந்தக் குழப்பம் தீர இதைவிட நல்ல வழி கிடையாது. கேம் விளையாடும் ஜாய்ஸ்டிக் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் இடது ஸ்டிக் தானாக நடுவுக்கு வராத நிஜ ரிமோட்டை இணைத்துப் பழகினால் விரல் சரியாகப் பழகும்.

இயக்கும் வரிசை எப்போதும் ஒன்றே. த்ராட்டிலைக் கீழே இறக்கி, ரிமோட்டை முதலில் போடுங்கள். பிறகு ஹெலிகாப்டரில் பேட்டரியை இணைத்து, சமதரையில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். விளக்கு சிமிட்டுவது நிற்கும்வரை தொடக்கூடாது. அந்தச் சில நொடிகளில்தான் உள்ளே இருந்து சாய்வை உணரும் கைரோ எது சமம் என்று மனப்பாடம் செய்கிறது. கையில் பிடித்துக்கொண்டே இணைத்தால் அந்தச் சாய்வையே சமம் என்று எடுத்துக்கொண்டு, எழுந்ததும் ஒரு பக்கமாக ஓடும். முடிக்கும்போது தலைகீழ்: முதலில் ஹெலிகாப்டர், பிறகு ரிமோட்.

உங்களுக்கு முன்னால் மூன்று மீட்டர் தள்ளி, வால் உங்களைப் பார்க்க வையுங்கள். நின்றுகொண்டு ஓட்டுங்கள், உட்காராதீர்கள். புதியவர்கள் பயத்தில் த்ராட்டிலைப் பாதியில் வைத்துத் தரையில் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இறக்கை கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி, ஒரு ரோட்டார் விட்டம் உயரத்துக்குள் ஹெலிகாப்டரை உருட்டும். அங்கே தயங்கினால்தான் கவிழும். ஒரே மூச்சில், ஆனால் முட்டாமல், இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே அது அமைதியாகிவிடும்.

பிறகு ட்ரிம், அதாவது தானாக நகர்வதைச் சரிசெய்வது. ஸ்டிக்கைத் தொடாதபோது இடப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்க ட்ரிம் பொத்தானை இரண்டு தட்டு, பார், மறுபடி தட்டு. முகம் தானாகத் திரும்பினால் அதற்குரிய ட்ரிம். பேட்டரி தீரத் தீர இது கொஞ்சம் மாறும், அதற்காக ஒவ்வொரு நிமிடமும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் பத்து பேட்டரிக்கும், அதாவது பத்து முறை சார்ஜ் தீரப் பறக்கும்வரை, வேலை ஒன்றே: வால் உங்களைப் பார்த்தபடி, தரையில் வரைந்த இரண்டு மீட்டர் சதுரத்துக்கு மேலே அந்தரத்தில் நிறுத்தி வைப்பது. சதுரத்தைச் சாக்கட்டியால் வரையுங்கள். கோலமாவு எழும்பி உள்ளே போகும். பத்தாவது பேட்டரியில் ஒரு முழு நிமிடம் சதுரத்துக்குள் நின்றால், முகத்தை 45 டிகிரி திருப்பி நிறுத்தப் பழகுங்கள், பிறகு பக்கவாட்டு, கடைசியில் முகம் உங்களைப் பார்க்க. எட்டுப் போடுவது அதற்கும் பிறகு. இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்தான் நிறைய இறக்கை வாங்குவார்.

எல்லாவற்றிலும் முக்கியமான பழக்கம் ஒன்று: முட்டப் போகிறது என்று தெரிந்த கணத்தில் இடது ஸ்டிக் அடியில் இருக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து இயக்கமில்லாமல் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுவரில் பட்டுச் சிக்கியபின்னும் த்ராட்டில் இருந்தால், சுற்ற முடியாத மோட்டாருக்குள் மின்சாரம் பாய்ந்து மோட்டாரோ, சர்க்யூட் பலகையோ எரியும். உயரம் தானாகப் பிடிக்கும் வகையில் இதற்கென்று அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். பறக்கும் முன் அது எங்கே என்று விரலுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கெடுவது எங்கே, ஏன்

உடல் நடுங்கினால் முதலில் இறக்கை நுனியைப் பாருங்கள். நகம் அளவு பிளவு போதும், சமநிலை போய்விடும். பசை தடவி ஒட்டாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள். புது இறக்கையிலும் நடுங்கினால் நடுத்தண்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது.

இறக்கை ஸ்குருவை முறுக்கிக் கட்டிவிடுவது பொதுவான பிழை. ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இறக்கை தானாகத் தொங்கக் கூடாது, லேசாக உலுக்கினால் நகர வேண்டும். அந்த அளவு. அதிகம் முறுக்கினால் எதிலாவது பட்டதும் மடங்காமல் ஒடியும்.

எழும்போது ‘கர்ர்’ என்று சத்தம், இறக்கை விட்டுவிட்டுச் சுற்றுகிறது என்றால் பல்சக்கரத்தில் பல் போயிருக்கிறது. முடி, நூல் சிக்கியிருந்தாலும் இதே சத்தம் வரும், முதலில் அதைப் பாருங்கள்.

வால் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகிறது, ட்ரிம் தட்டியும் நிற்கவில்லை: வால் மோட்டார் தேய்ந்துவிட்டது. சில மணி நேரப் பறப்புக்குப் பின் இது வரத்தான் செய்யும், அதனால்தான் ஒன்று கூடுதலாக வாங்கச் சொன்னோம். மாற்றும்போது சிவப்பு, கறுப்பு ஒயர் இருந்த பக்கத்தை முன்பே போட்டோ எடுத்து வையுங்கள்.

முன் பின் ஸ்டிக்குக்குப் பதில் இல்லையென்றால் ரோட்டாருக்குக் கீழே இருக்கும் வட்டத் தட்டில் பந்து இணைப்பு ஒன்று கழன்றிருக்கும். நுனி மெல்லிய குறடால் மெதுவாக அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். இரட்டை ரோட்டாரில் ஹெலிகாப்டர் வட்டம் போட்டுக்கொண்டே நகர்ந்தால் உச்சியில் இருக்கும் சமநிலைக் கம்பி வளைந்திருக்கிறதா, அதன் இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகையில் மேல் ஜோடியும் கீழ் ஜோடியும் எதிரெதிர் வளைவு கொண்டவை. மாற்றிப் போட்டால் எழவே எழாது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக

2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சிவப்பு மண்டலத்தில் எதுவானாலும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பக்கத்தவர்களுக்கு இது முக்கியம், பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. கிருஷ்ணகிரி அணை, ஒகேனக்கல் போன்ற இடங்களில் கூட்டத்துக்கு மேலே எதையும் பறக்கவிடாதீர்கள்.

எப்போது ஆறு சேனல்

முகம் உங்களைப் பார்த்தபடி ஒரு பேட்டரி முழுக்க நிறுத்த முடிந்து, எட்டும் தடுமாறாமல் போட்டால் கே110 அளவுள்ளதற்குப் போகலாம். அதிலும் முதலில் தானாகச் சமப்படுத்தும் ‘6ஜி’ நிலையில் ஓட்டுங்கள். பழைய நான்கு சேனலை விற்றுவிடாதீர்கள், புதியது உதிரிக்காகக் காத்துக் கிடக்கும் நாட்களில் கை மறக்காமல் இருக்க அதுதான் உதவும்.

ஆனி பிறந்து காற்று எழுந்ததும் வெளியே பறப்பதை நிறுத்திவிட்டு, பேட்டரிகளை 3.8 வோல்ட்டில் கொண்டுவந்து வையுங்கள். முழு சார்ஜில் இருப்பதை இரண்டு மூன்று நிமிடம் வீட்டுக்குள் அந்தரத்தில் நிறுத்தினால் அந்த அளவுக்கு வரும். ஹெலிகாப்டரிலிருந்து கழற்றி, ஒரு தகர டப்பாவில் ஒன்றோடொன்று முனை உரசாமல் டேப் ஒட்டி, அடுப்பங்கரைச் சூடு படாத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பாருங்கள். 3.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் பத்து நிமிடம் சார்ஜ் கொடுங்கள். புரட்டாசியில் ஊதுபத்திப் புகை மறுபடி நேராக எழும்போது அவை தயாராக இருக்கும்.